ஐந்து கோடு திருப்பியது யார்?

அத்தியாயம் 6

“அண்ணி, இந்தக் கேஸ்ல பிணம் இல்ல, ரத்தம் இல்ல, காணாமப் போன நகைகூட இல்ல. ஒரு இரும்புக் குழாய் கொஞ்சம் இளைச்சுப் போச்சு. அவ்வளவுதான். இதுக்கா என் மதியத் தூக்கத்தக் கெடுத்தீங்க?”

கேட்டது ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அணைக்கத் தெரியாத வாய்க்குத் தெரு வைத்த பெயர் இது. துப்பறியும் அண்ணியின் கணவருக்கு ஒரே தம்பி. அண்ணன் வருடத்தில் பத்து மாதம் கப்பலில் இருப்பதால், அண்ணிக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும், அண்ணி துப்பறியும்போது கூடவே பேசிக்கொண்டு நிற்பதும், அதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவனுக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

“இளைச்சது துப்பாக்கிக் குழல்,” என்றாள் அண்ணி, ஸ்கூட்டரை விட்டு இறங்கியபடியே. “அதை இளைக்க வச்சது யாருன்னு தெரியலன்னா நாலு மணிக்கு ஒரு மனுஷனோட வேலையும் பேரும் ஒண்ணாப் போகும். இப்ப மணி ரெண்டே கால். இறங்கு.”

முன்னால் வீடு, பின்னால் பட்டறை. நடுவில் சிமெண்ட் முற்றம். போட்டியில் குறிபார்த்துச் சுடுகிறவர்களின் ரைஃபிள்களுக்குப் புதுக் குழல் மாற்றித் தருகிற, உரிமம் பெற்ற பட்டறை. வேறு துப்பாக்கி எதுவும் உள்ளே வராது என்று கதவிலேயே எழுதியிருந்தது.

வாசலில் முதலாளி நின்றிருந்தார். கையில் ஒரு கடிதம். இன்னும் மூடாத பேனா.

“என் சம்சாரம் உங்களக் கூப்பிட்டா. அவ பேச்சுக்காக நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கறேன்,” என்றார். “நாலு அடிச்சா இது உரிம அதிகாரிக்குப் போகும். கடைசல் வேலை பாக்கற டர்னர் பேரு என் உரிமத்துலேருந்து போயிடும். அப்புறம் இந்தத் தொழில்ல எந்தப் பட்டறையும் அவன உள்ள விடாது. விடக் கூடாது.”

“அவ்வளவு கோபமா?”

“என் பொண்ணு சுடற துப்பாக்கி அது. முந்தாநாள் இவன் கடைஞ்சு குடுத்த குழல். நேத்துத் தேர்வுப் போட்டி. நடுப்புள்ளிக்கு வச்சது பக்கத்து ஆளோட அட்டையில விழுது. மூணு வருஷப் பயிற்சி. போட்டியாளுங்க யாரோ இவன் கையில எதையோ திணிச்சிருக்காங்க.”

“மறுவாய்ப்பு?”

“துப்பாக்கியில கோளாறுன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஒரு வாய்ப்பு தர்றாங்க. இந்தக் கடிதத்துல அதையும் எழுதியிருக்கேன். யாரோட கோளாறுன்னும் எழுதியிருக்கேன்.”

ரேடியோ அண்ணியின் காதில் சொன்னான்: “ஒரே கடிதத்துல பொண்ணு உள்ள, டர்னர் வெளிய. சிக்கனமான மனுஷன்.”

பட்டறைக்குள் எண்ணெய் வாசனை. ஜன்னலோரம் இரும்பு கடைகிற பழைய லேத் ஒன்று, கழுத்தைத் தாழ்த்திப் படுத்திருக்கும் எருமை போலக் கம்பீரமாக இருந்தது. அதன் பக்கத்து ஸ்டூலில் டர்னர். ஐம்பது வயது, நரைத்த புருவம், நகக்கண்ணில் இருபத்திரண்டு வருடக் கறுப்பு. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது சட்டைக் காலரிலேயே தெரிந்தது.

மேஜைமேல் அந்தக் குழல், துப்பாக்கியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

“நடந்ததச் சொல்லுங்க,” என்றாள் அண்ணி. “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லுங்க.”

“இவனுக்கும் சேர்த்துன்னா இன்னும் மெதுவா,” என்றான் ரேடியோ தன்னையே காட்டி.

டர்னர் குழலின் பின்முனையைத் தொட்டார். “இத வால்னு சொல்லுவோம். இந்த வால் துப்பாக்கியோட உடம்புல இருக்கற ஓட்டைக்குள்ள இறுக்கமாப் போய் உக்காரணும். தடிச்சா நுழையாது. இளைச்சா ஆடும். ஆடினா குண்டு ஊர் சுத்தும். இந்த வாலக் கடையறதுதான் என் வேலை. துப்பாக்கியில பொருத்தறது முதலாளி. அவர் அரம் பிடிச்ச கை; லேத்துப் பக்கம் வர மாட்டார்.”

“முந்தாநாள்?”

“கடைஞ்சுட்டிருந்தேன். இன்னும் அஞ்சு கோடு எடுத்தா முடிஞ்சுது. ஒரு கோடுங்கறது ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒண்ணு. அப்ப ஃபோன் வந்துது. வீட்டுல சம்சாரம் வழுக்கி விழுந்துட்டா, ஆஸ்பத்திரிக்கு வான்னு. அந்தப் பலகையில எழுதி வச்சுட்டு ஓடினேன்.” அவர் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை அண்ணி வாங்கிப் பார்த்தாள்.

லேத்தின் தலைமாட்டில் ஒரு சிறு சிலேட் தொங்கியது. சுத்தமாக இருந்தது.

“என்ன எழுதினீங்க?”

“‘இன்னும் 5’. சாயங்காலம் வந்து முடிக்கலாம்னு. நான் வந்து பாத்தப்ப குழல் துப்பாக்கியில ஏறியே போச்சு. வெளிய போயிருந்த முதலாளி திரும்பி வந்து, வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுப் பொருத்திட்டாராம். முடிஞ்சுதா, யாரு முடிச்சான்னு நான் கேக்கறதுக்குள்ள முதலாளி வீட்டுப் பாப்பா துப்பாக்கிய எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போயிட்டா. வால் எப்படியோ உள்ள இறங்கிச்சே, சரிதான் போலன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. அது மட்டுந்தான் என் தப்பு.”

“பலகைய யார் துடைச்சது?”

டர்னர் விழித்தார். “நான் துடைக்கல. நான் துடைச்சா உள்ளங்கையால இழுப்பேன். வெள்ளையா மேகம் மாதிரி நிக்கும்.”

அண்ணி சிலேட்டை விரலால் தடவினாள். மூலை முடுக்கு வரை ஈரத்துணியால் துடைத்த சுத்தம். பிறகு குனிந்து லேத்தைப் பார்த்தாள்.

“நீங்க திரும்பி வந்தப்ப இது எப்படி இருந்துச்சு?”

“சொன்னா சிரிப்பீங்க. இரும்புச் சுருளெல்லாம் கூட்டி அள்ளியிருந்துச்சு. மேலெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சிருந்துச்சு. முதலாளிக்கு இன்னைக்கு என்ன ஆச்சுன்னு நெனச்சேன்.”

அண்ணி நிமிர்ந்தாள். ரேடியோவுக்கு அந்த நிமிர்வு தெரியும். வீட்டில் தயிர்ப் பாத்திரத்தின் மூடி இடம் மாறியிருந்தால் இப்படித்தான் நிமிர்வாள்.

“ஏண்டா, கெடுக்க வந்தவன் எண்ணெய் போட்டுட்டுப் போவானா?”

“நல்லா வளர்க்கப்பட்ட எதிரியா இருக்கும் அண்ணி.”

அண்ணி மைக்ரோமீட்டரை டர்னரிடம் நீட்டினாள். அவர் வாலை அளந்தார். ஒருமுறைக்கு மூன்றுமுறை.

“அஞ்சு கோடு இளைச்சிருக்கு. சரியா அஞ்சு.”

“நாலரை இல்ல, ஆறு இல்ல?”

“அஞ்சும்மா.”

“அப்ப எடுக்க வேண்டியது அஞ்சு. எடுத்தது பத்து. சரியா ரெண்டு மடங்கு.” அண்ணி லேத்தின் கைப்பிடியைக் காட்டினாள். அதைச் சுற்றி வட்டமாகக் கோடு கோடாக ஒரு டயல். “ரேடியோ, இதுல அஞ்சு கோடு திருப்பு.”

ரேடியோ திருப்பினான். அதோடு விடாமல், கடைகிற பொருளைக் கவ்விச் சுழற்றும் சக்கில் குழலை இறுக்குகிற சாவியை எடுத்துச் சொருகி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

“வேலை நடக்கும்போது இப்படித் திருப்பினா எவ்வளவு போகும் அண்ணே?” என்று அண்ணி டர்னரிடம் கேட்டாள்.

“பத்து. சுத்திட்டிருக்கற பொருள்ல இந்தப் பக்கம் அஞ்சு சீவினா எதிர்ப்பக்கமும் அஞ்சு போகுதில்ல? மொத்தத் தடிமன்ல பத்து. புது லேத்துல டயலே அதக் கணக்குப் பண்ணிக் காட்டிடும். அஞ்சு வேணும்னா அஞ்சு திருப்பினாப் போதும். இது கிழடு. இதுல நெனச்சதுல பாதிதான் திருப்ப…”

டர்னர் பாதியில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

“இருபத்திரண்டு வருஷம் இந்தக் கிழட்டோட குடித்தனம் பண்ணவர் இந்தத் தப்பப் பண்ண மாட்டார்,” என்றாள் அண்ணி. “பலகையப் படிச்சு, அஞ்சுன்னு நம்பி, அஞ்சு கோடு ஒழுங்காத் திருப்பியிருக்காங்க. வேற ஊர் லேத்துல பழகின கை. கெடுக்க வந்த கை இல்ல. உதவ வந்த கை.”

“ஆனா இந்த வீட்டுல என்னத் தவிர யாருக்கும் லேத் தெரியாதும்மா.”

“தெரியாதுன்னு சொல்றாங்க.”

சொல்லிக்கொண்டே அண்ணி திரும்ப, டர்னரின் கை பாம்பு போலப் பாய்ந்தது. ரேடியோ சக்கில் விட்டிருந்த சாவியைப் பிடுங்கி ஆணியில் மாட்டியது. அவர் முகம் இன்னும் அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, கடன் குடுத்தவன் மாதிரி பிடுங்கறீங்க?” என்றான் ரேடியோ.

“சாவிய சக்குல விடாத தம்பி. யாராவது தெரியாம மோட்டாரப் போட்டா, அது பறந்து வந்து மூஞ்சியப் பேத்துடும். எங்களுக்கெல்லாம் முதல் நாளே கையில அடிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. அப்புறம் எங்க பாத்தாலும் கை தானா எடுத்துடும். மூளைகிட்ட கேக்கவே கேக்காது.”

அண்ணி அவரையே பார்த்தாள். பிறகு ஆணியில் ஆடிக்கொண்டிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

“அண்ணே, நீங்க போய் முற்றத்துல உக்காருங்க. ரேடியோ, அந்தச் சாவிய மறுபடி சக்குல வை. போய் வீட்டுல எல்லாரையும் வரச்சொல்லு.”

கதவருகே நின்று ரேடியோ பந்தயம் கட்டினான். “முதலாளியோட தம்பி, அந்தச் சின்னவர்தான் அண்ணி. எழுதி வச்சுக்கோங்க. உள்ள வர்றப்ப விசாரிச்சேன்; முந்தாநாள் மதியம் ஊர்லயே இல்லன்னு சொன்னார். எதிர்க் கடைக்காரர், அவர் வண்டி சந்துக்குள்ள நின்னுதுன்னு சொல்றார். கொழுந்தனுங்கள நம்பவே கூடாது.”

“அது எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். போ.”

மூன்று மணி ஆகியிருந்தது. 

முதலில் முதலாளி வந்தார். நேராக லேத்துக்கு வந்து, சாவிக்கு ஒரு சாண் தள்ளி முழங்கையை ஊன்றிக் கடிதத்தை விசிறிக்கொண்டார். சாவி அவர் கண்ணில் படவே இல்லை. ரேடியோ மனசுக்குள் இருந்த சந்தேகப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தான்.

அடுத்து மகள். வீட்டில் எல்லாரும் சாம்பியன் என்று கூப்பிடுகிறவள். அழுது வீங்கிய கண்ணோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். இரண்டாவது பெயரும் போயிற்று.

பிறகு சின்னவர் வந்தார். வாசனைத் தைலம், பளபளக்கும் ஷூ, தோளில் பை. ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டான். சின்னவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சாவியைப் பார்த்தார். கை நீட்டினார். பையைக் கழற்றி அந்தச் சாவிமேலேயே அழகாக மாட்டினார்.

ரேடியோவுக்கு நெஞ்சில் காற்றுப் போயிற்று. லேத் தெரிந்தவன் நாகப்பாம்பின் கழுத்தில் பை மாட்டினாலும் மாட்டுவான், சக்கில் இருக்கிற சாவியில் மாட்ட மாட்டான்.

“சார், முந்தாநாள் மதியம் எங்க இருந்தீங்க?” என்றாள் அண்ணி.

“டெலிவரிக்கு…”

“வண்டி சந்துலயே நின்னுருக்கே.”

சின்னவர் அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “கோடவுன்ல படுத்திருந்தேன். தினமும் ஒரு மணிநேரம். இப்பச் சொல்லிட்டேன், திட்டறதானா திட்டுங்க. ஆனா ஒண்ணு. தூக்கத்துல லேத் ஓடற சத்தம் கேட்டுச்சு. டர்னர்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன்.”

“எத்தன மணிக்கு?”

“ஒன்றரை இருக்கும்.”

“ஒன்றரைக்கு டர்னர் ஆஸ்பத்திரியில இருந்தார். சீட்டு பாத்தேன்,” என்றாள் அண்ணி. முதலாளியின் விசிறல் நின்றது.

அந்த நேரத்தில்தான் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு முதலாளியம்மா வந்தார். இரண்டு கையாலும் பிடித்த காபித் தட்டு. இறுக்கிப் போட்ட கொண்டை. காலையில் அண்ணிக்கு ஃபோன் செய்து, “டர்னர் அண்ணன் தப்புப் பண்ணியிருக்க மாட்டார், எப்படியாவது நிரூபிச்சுக் குடுங்க” என்று கெஞ்சியவர்.

“அண்ணி, எனக்குச் சக்கரை கம்மி,” என்றார் சின்னவர்.

துப்பறியும் அண்ணியும் சேர்ந்து திரும்பினாள். ரேடியோ சிரிக்க வாய் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

முதலாளியம்மா லேத்தைக் கடக்கும்போது தட்டு இடது கைக்கு மாறியது. வலது கை சின்னவரின் பையைத் தூக்கி ஸ்டூலில் வைத்தது, சாவியை உருவியது, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் இருந்த ஆணியில் மாட்டியது. ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

“உங்களுக்குச் சக்கரை போதுமாங்க?” என்று கணவரைக் கேட்டார்.

அங்கே வேறு யாரும் எதையும் பார்க்கவில்லை. ரேடியோ பார்த்தான். அண்ணி பார்த்தாள். முதலாளியம்மா, ஆணியில் ஆடுகிற சாவியின் சத்தத்தைக் கேட்டுத் தன் கையைத் தானே பார்த்தார்.

“அண்ணி,” என்று ரேடியோ கிசுகிசுத்தான், “நமக்குச் சம்பளம் குடுக்கறதே…”

“வாய மூடு.”

அண்ணி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், டயலைப் பார்த்துப் பேசினாள்.

“முந்தாநாள் இங்க வந்தவங்க யாருக்கும் கெடுதல் நெனைக்கல. பலகையில வேலை மிச்சம் இருந்துச்சு. மறுநாள் பொண்ணுக்குப் போட்டி. பட்டறையில ஆள் இல்ல. அவங்களுக்கு வேலை தெரியும். ரொம்ப வருஷமாச் சும்மா வச்சிருந்த கை. அஞ்சு கோடுதானே, நம்ம கையால முடிச்சுக் குடுப்போம்னு ஆசை. முடிச்சு, கூட்டி, எண்ணெய் போட்டு, பலகையத் துடைச்சுட்டுப் போனாங்க. அவங்க பழகின லேத் வேற. இந்த டயல் ஏமாத்திடுச்சு. அவ்வளவுதான் கதை.” கடிகாரத்தைப் பார்த்தாள். “மூணு இருபது. யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. நான் சொன்னா அது கண்டுபிடிப்பு. அவங்களே சொன்னாத்தான் டர்னருக்கு நியாயம்.”

ஜன்னல் வழியே முற்றத்து பெஞ்சில் டர்னரின் முதுகு தெரிந்தது. ஒரு பழைய சட்டைக்குள் சுருங்கிய முதுகு.

முதலாளியம்மா தட்டைக் கீழே வைத்தார்.

“நாந்தாங்க.”

“நீ என்ன?” என்றார் முதலாளி.

“குழலக் கடைஞ்சது நாந்தான்.”

“உனக்கு மிக்ஸி மூடியே சரியா மாட்ட வராது.”

“அது மூடி கோணல்.” முதலாளியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “பம்ப் ஃபேக்டரியில ஆறு வருஷம் லேத்துல நின்னேன். பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா, ஆஃபீஸ்ல வேலைன்னு சொல்லிட்டார். லேத்துல நிக்கற பொண்ணுன்னா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயம். அப்புறம் சொல்ல நேரமே வரல. இருபத்தி நாலு வருஷம்.”

சாம்பியன் சுவரைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். “ஆஃபீஸ்னு எங்கிட்டயும் சொன்னியேம்மா?”

“ஆஃபீஸ் வாசல் வழியாத்தான் உள்ள போவோம்.” அம்மா மகளின் பக்கத்தில் போய் நின்றார். “நீ சுடற குழல்ல என் கை ஒரு தடவை படணும்னு இருந்துச்சு. பட்டுக் கெட்டுப் போச்சு. நேத்து நீ அழுதப்பவே சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து வாய் வரல. டர்னர் அண்ணன் தலைய உருட்டினப்பதான், இவங்களக் கூப்பிட்டாவது அவரக் காப்பாத்தலாம்னு…”

“கூப்பிட்டவங்களையே பிடிப்போம்னு விளம்பரத்துல போட்டிருக்கணும் அண்ணி,” என்றான் ரேடியோ. இந்த முறை அண்ணி அவனைத் திட்டவில்லை.

முதலாளி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உரிமத்துல பேர் இல்லாத கை பட்டுச்சுன்னு எழுதினா என் பட்டறைக்குக் கண்டனம் வரும். அப்பா காலத்துலேருந்து ஒரு கறை இல்ல.”

“வரும்,” என்றாள் அண்ணி. “ஒண்ணு கேக்கறேன். பொருத்தறதுக்கு முன்னாடி வால அளந்தீங்களா?”

முதலாளி மேஜைமேல் கிடந்த குழலை எடுத்து, அதன் வாலைக் கட்டைவிரலால் தடவினார்.

“இருபத்திரண்டு வருஷமா அவன் கடைஞ்சத நான் அளந்ததே இல்ல,” என்றார் கடைசியில். “தேவையே வந்ததில்ல.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. கடிதத்தை நான்காகக் கிழித்தார். பேனாவை எடுத்துப் புதுத்தாளில் நின்றபடியே எழுதினார்: அளக்காமல் பொருத்தியது உரிமதாரராகிய என் தவறு. ஜன்னலைத் திறந்து, “டர்னர்,” என்று கூப்பிட்டார். 

டர்னர் உள்ளே வந்து எல்லாவற்றையும் கேட்டார். முதலாளியம்மா பக்கம் திரும்பினார்.

“சீவின இடம் கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா. நம்ம கை இவ்வளவு வழவழப்பா எடுக்காதேன்னு அளந்தப்பவே ஒரு சந்தேகம்.” பிறகு மணியைப் பார்த்தார். “வாலத் துண்டிச்சுட்டுப் புதுசாக் கடையணும். குழல் விரல் அகலம் குட்டையாகும், பரவாயில்ல. ஏழு மணிக்குள்ள முடிச்சுடலாம். டயல நான் திருப்பறேன். நீங்க பக்கத்துல நின்னு அளங்க. அளக்கறதுக்கு உரிமம் வேண்டாம்.”

முதலாளியம்மா மோதிரத்தைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத முதலாளி, தானும் ஏதாவது உதவ வேண்டுமென்று, ஆணியிலிருந்த சாவியை எடுத்துக் குழலைச் சக்கில் இறுக்கினார். இறுக்கிவிட்டு, கையை எடுத்துவிட்டார்.

சாவி சக்கிலேயே நின்றது.

மூன்று கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஒன்று டர்னருடையது. ஒன்று முதலாளியம்மாவுடையது. முதலில் போய்ச் சேர்ந்தது மூன்றாவது.

ரேடியோ தன் கையிலிருந்த சாவியையும், அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சத்தியமா அண்ணி, முந்தாநாள் மதியம் நான் வீட்டுல தூங்கிட்டிருந்தேன்.”